ஃபார்மேஷன் போடும்போது நம்ம ஊர் டீம்கள் செய்யும் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த கால்பந்து கிரவுண்டுக்குப் போனாலும், மேட்ச்சுக்கு முன்னால் ஒரு பேச்சு ஓடும்: இன்றைக்கு 4-3-3 ஆடலாமா, 4-4-2 ஆடலாமா? கீப்பர் போக, பின்னால், நடுவில், முன்னால் எத்தனை பேர் என்ற இந்தக் கணக்குதான் ஃபார்மேஷன். பெரும்பாலும் முந்தைய இரவு டிவியில் ஜெயித்த டீமின் ஃபார்மேஷன்தான் முடிவாகிறது. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் எண்ணுகிறார்கள். முதல் தவறே இந்த வரிசைதான். ஆளை முதலில் பாருங்கள், எண்ணைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

4-3-3 பார்க்க அழகான ஆட்டம். ஆனால் நடுவில் மூன்றே பேர். பந்து எதிரணிக்குப் போனதும் விங்கில், அதாவது முன்னால் இரு ஓரங்களில் இருக்கும் இருவரும் திரும்பி ஓடி வந்தாக வேண்டும். வராவிட்டால் நம் சைடு பேக் (ஓரத்து டிஃபெண்டர்) தனியாக இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டியிருக்கும். அவருக்கு உதவ மிட்ஃபீல்டிலிருந்து ஒருவர் ஓரத்துக்குப் போனால் நடு திறந்துவிடும், கோல் விழும். ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக கிரவுண்டுக்கு வரும் பையனை விங்கில் நிறுத்தி, மேலும் கீழும் ஓடு என்று சொல்வது நியாயமே இல்லை. அவனுக்குப் பாஸ் நன்றாக வரும் என்றால் நடுவில் போடுங்கள். விங்குக்கு நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவன் போகட்டும். வாரா வாரம் வருகிற ஆட்கள் மாறுகிறார்கள் என்றால் ஃபார்மேஷனும் கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

3-5-2-வுக்கும் இதே கதைதான், இன்னும் கடினமாக. அதில் விங் பேக் இருவர்தான் ஆளுக்கு ஒரு ஓரம் முழுவதையும் சுமக்கிறார்கள். 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்ற பிறகு, இங்கிலாந்தின் செல்சி டீம் கோச் அந்தோனியோ கோன்டே பின்னால் மூன்று பேரை வைத்து 3-4-3-க்கு மாறினார். அடுத்த 13 லீக் ஆட்டங்களையும் ஜெயித்தார்கள், கோப்பையும் வந்தது. இதை மட்டும் கேட்டுவிட்டு மூன்று ஸ்டாப்பர்களை (நடு டிஃபெண்டர்களை) நிறுத்துபவர்கள் உண்டு. அதுவரை விங்கராக ஆடிவந்த விக்டர் மோசஸ், விங் பேக்காக 90 நிமிடமும் ஓரத்தில் ஏறி இறங்கத் தயாராக இருந்தார் என்பதைக் கவனிப்பதில்லை. அப்படி ஓட இருவர் இல்லையென்றால் 3-5-2 சீக்கிரமே 5-3-2 ஆகிவிடும். ஃபார்வர்டுகள் இருவரும் முன்னால் தனியாக நின்றுகொண்டிருப்பார்கள்.

பழைய 4-4-2-வை மட்டமாக நினைப்பது இன்னொரு தவறு. 2015-16-ல் லெய்செஸ்டர் சிட்டி அதை வைத்துத்தான் இங்கிலாந்தின் பிரீமியர் லீகை ஜெயித்தது. ஃபார்வர்டு ஜேமி வார்டியின் வேகத்துக்கு முன்னால் காலி இடம் வேண்டும், அதனால் டீம் பின்னால் நின்று பந்தைப் பறித்து உடனே முன்னால் அனுப்பியது. நடுவில் மிட்ஃபீல்டர் என்கோலோ கான்டே ஓடிய ஓட்டம் அதற்குத் துணை. அந்த ஆட்களுக்கு அந்தப் பார்மேஷன் பொருந்தியது. பயிற்சிக்கு நேரம் குறைவாக உள்ள டீமுக்கு, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சீக்கிரம் புரிவதும் 4-4-2-தான் என்பது என் கருத்து.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. ஃபார்மேஷனை ஒரே படமாக நினைப்பது. பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு படம், இல்லாதபோது வேறு படம். விங்கர்கள் இறங்கி வந்தால் 4-3-3 என்பது 4-5-1 ஆகும். ஆட்டத்துக்கு முன்னால் மண்ணில் குச்சியால் கோடு போட்டு விளக்கும் கோச்சுகள் பந்து நம்மிடம் இருக்கும் படத்தை மட்டும் போடுகிறார்கள். இரண்டாவதையும் போடுங்கள். பந்து போன நொடியில் யார் எங்கே ஓட வேண்டும் என்று ஒவ்வொருவரையும் வாயால் சொல்ல வையுங்கள். சொல்லத் தெரியாதவன் ஆட்டத்தில் நின்று வேடிக்கைதான் பார்ப்பான்.

கிரவுண்டையும் வெயிலையும் கணக்கில் எடுக்காமல் போடும் ஃபார்மேஷன் பாதி ஆட்டம்கூடத் தாங்காது. விதிப்படி மைதானத்தின் அகலம் 45 மீட்டரிலிருந்து 90 மீட்டர் வரை இருக்கலாம். நம் பள்ளி மைதானங்கள் பல குறுகியவை. அங்கே ஓரத்தில் விங்கரை ஒட்டி நிறுத்தினால் அவருக்கு ஓட இடமே கிடைக்காது, நடுவில் ஆள் கூட்டுவதுதான் சரி. காய்ந்த செம்மண் தரையில் பந்து எகிறும், அதனால் பின்னாலிருந்து குட்டிக் குட்டிப் பாஸ் போட்டு வருவதும் ஆபத்து. ஓசூரில் காலை நேரக் குளிர் உதவும். தர்மபுரியில் சித்திரை வெயிலில் பத்து மணி ஆட்டத்துக்கு முன்னேறிப் பிரஸ் செய்யும் (எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்கும்) திட்டம் வேண்டாம். ஸ்டாப்பர்கள் மெதுவாக ஓடுபவர்கள் என்றால் டிஃபென்ஸ் வரிசையை மேலே ஏற்றவும் வேண்டாம்.

செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர்) ஆடும்போது பதினோரு பேர் ஆட்டத்தைச் சுருக்கிப் போடுவார்கள். அதுவும் சரியாக வராது. கீப்பர் போக ஆறு பேர்தான். 2-3-1 பெரும்பாலும் போதும். ஆஃப்சைடு இல்லாத போட்டி என்றால் எதிரணி ஒருவரை நம் கோல் போஸ்ட் பக்கத்திலேயே நிறுத்திவிடும், அப்போது 3-2-1 பாதுகாப்பு.

சுமாரான ஆளைச் சைடு பேக்கில் ஒதுக்கி வைப்பதும் வழக்கமாகிவிட்டது. எதிரணி கோச் ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து அங்கேயே பந்தை அடிப்பார்.

கடைசியாக, ஒரு தோல்விக்கே எல்லாவற்றையும் கலைப்பது. கோல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அங்கே யார் இல்லை என்று முதலில் பாருங்கள். பல நேரம் ஒருவரைப் பத்தடி பின்னால் நிறுத்தினாலே, இல்லை இருவரை இடம் மாற்றினாலே ஓட்டை அடைபடும். அதே ஃபார்மேஷனில் நாலைந்து ஆட்டமாவது தொடர்ந்து ஆடினால்தான் யாருக்கு எது வரவில்லை என்பதே தெரியவரும்.