மார்கழியில் தென்னம்பிள்ளையின் குருத்து அழுகினால்

காவிரி டெல்டாவில் உறைபனி விழாது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிக் கிடக்கும் கொல்லையில் மார்கழிப் பனி இறங்கும்போது இளம் தென்னைக்கு வருவது குருத்தழுகல். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் மறுபடி முதலிலிருந்து பிள்ளை வைத்து வளர்த்தவர்கள் ஏராளம். அப்படி வளர்த்த ஒரு பிள்ளையைக் குருத்தழுகலுக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. நேரத்தோடு பார்த்துவிட்டால் கொடுக்கவும் வேண்டியதில்லை.

பைட்டாப்தோரா பால்மிவோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரிதான் காரணம். அது முளைக்க ஈரமும் குளிர்ச்சியும் வேண்டும். மட்டைக் கக்கத்தில் தேங்கும் மழைநீரும் பனிநீரும் இரண்டையும் கொடுத்துவிடுகின்றன. வயதான மரத்தைவிட இளம்பிள்ளையையே இது அதிகம் தாக்கும்.

முதலில் நோய் இதுதானா என்று பாருங்கள். அடிமட்டை மட்டும் மஞ்சளாகி, நடுக்குருத்து பச்சையாக விறைத்து நின்றால் அது பெரும்பாலும் வேரில் தண்ணீர் நின்ற கோளாறு; வடித்துவிட்டால் தேறும். குருத்தழுகலில் நடுக்குருத்துதான் முதலில் வெளிறி, பழுப்பாகி, ஒடிந்து தொங்கும். சுற்றியுள்ள மட்டைகள் அப்போதும் பச்சையாகவே இருக்கும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். குருத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். கையோடு வந்து, அடிப்பக்கம் கொழகொழவென்று நாறினால் சந்தேகமே வேண்டாம், அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும். அழுகல் கீழே இறங்கி வளரும் முனையைத் தொட்டுவிட்டால் மருந்தில்லை, ஏனென்றால் தென்னைக்கு முனை ஒன்றுதான், பக்கத்தில் துளிர்க்காது. அப்படிப்பட்ட பிள்ளையை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். கொல்லை ஓரத்தில் போட்டுவைத்தால் மற்றதற்கும் பரவும்.

காப்பாற்றக் கூடியதென்றால், கூரிய கத்தியால் அழுகிய பாகம் முழுவதையும் வெட்டி எடுங்கள். நாற்றமில்லாத வெள்ளைத் திசு தெரியும்வரை போக வேண்டும். பாவம் பார்த்துக் கொஞ்சம் விட்டுவைத்தால் அழுகல் அங்கிருந்தே மறுபடி கிளம்பும். வெட்டிய இடத்தில் தண்ணீர் இல்லாமல் துடைத்துவிட்டு, மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைப் பூசுங்கள்.

பசைக்கு மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், நீற்றாத சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். சுண்ணாம்பு ஆறிய பிறகு, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கிளறுங்கள். மண்சட்டி அல்லது பிளாஸ்டிக் வாளிதான் ஆகும். இரும்பு, அலுமினியப் பாத்திரத்தைத் துத்தம் அரித்துவிடும். கலந்ததும் பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, பூசினால் திசு கருகும். படியாத வரை சுண்ணாம்புப் பால் சேருங்கள். காற்றில் கிடந்து நீறிப்போன பழைய சுண்ணாம்பைப் போட்டால்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லை. கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும். கண்ணிலும் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூசிய இடத்தில் மழையும் பனியும் இறங்காமல் பாலித்தீன் தாளால் மூடிக் கட்டுங்கள். இறுக்கக் கட்டினால் உள்ளே வியர்த்து ஈரம் நிற்கும், ஆகவே பக்கவாட்டில் காற்றுக்கு இடம் விடுங்கள். புதுக்குருத்து வரும்வரை மூடி இருக்கட்டும். முதலில் வரும் ஒன்றிரண்டு மட்டைகள் குட்டையாக, சுருங்கி வரலாம். அவற்றை வெட்ட வேண்டாம்.

சுற்றியுள்ள நல்ல பிள்ளைகளின் குருத்து நனைய 1 சதவீதப் போர்டோ கலவை தெளியுங்கள். பத்து லிட்டர் டேங்குக்கு அதே 100 கிராம் துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு. தண்ணீர் தலா 5 லிட்டர். வடிகட்டி ஊற்றாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். பனி காய்ந்த பிறகு அடியுங்கள்.

காண்டாமிருக வண்டு குடைந்த ஓட்டை அழுகலுக்கு வாசல். வண்டு வராமலிருக்க மேல் மூன்று மட்டைக் கக்கங்களில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, பிள்ளைக்கு மொத்தம் 150 கிராம் வையுங்கள். எருக்குழியைக் கிளறி, வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் வண்டுப் புழுக்களைப் பொறுக்கி அழிப்பதும் முக்கியம்.

நட்ட குழிக்குள் மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து கழுத்துவரை மூடியிருந்தால், கழுத்து வெளியே தெரியும்படி மண்ணை அள்ளுங்கள். களிமண் கொல்லையில் வரிசைக்கு நடுவே வாய்க்கால் வெட்டி வடிகாலோடு சேர்க்காமல் வேறு என்ன செய்தும் பயனில்லை. ஈரம் வடியும்வரை யூரியா போடாதீர்கள். அடுத்த ஆண்டு புரட்டாசியில், மழை பிடிக்கும் முன்பே ஒருமுறை போர்டோ கலவை அடித்துவையுங்கள்.