பில் இலக்கத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

வெள்ளவத்தையில் வீட்டிலேயே கணித வகுப்பு எடுக்கிறேன். போன கிழமை புறக்கோட்டையில் சீஆர் கொப்பி வாங்கிய பில்லில் 286143 என்ற இலக்கம் இருந்தது. அதையே முதன்மைக் காரணிகளாகப் பிரிக்கச் சொல்லி தரம் 9 பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கல்குலேட்டர் பையில் இருக்கட்டும் என்றேன்.

முதலில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 3 என்பதால் 2, 5 இரண்டும் போய்விட்டன. இலக்கங்களைக் கூட்டினால் 24, அதையும் கூட்டினால் வரும் இலக்கச் சுட்டி 6. ஆகவே 3 ஆல் வகுபடும், 9 ஆல் வகுபடாது.

அடுத்து 7, 11, 13. இங்கேதான் பிள்ளைகள் களைத்துப்போவார்கள். மூன்றுக்கும் தனித்தனியாக நெடும் பிரித்தல் தேவையே இல்லை. 7×11×13 = 1001. எண்ணை வலப்பக்கமிருந்து மும்மூன்றாக வெட்டுங்கள்: 286, 143. கழித்தால் 143. 7, 11, 13இல் இந்த 143ஐ எது வகுக்கிறதோ அதுவே முழு எண்ணையும் வகுக்கும். ஏனென்றால் 1000 என்பது 1001க்கு ஒன்று குறைவு. 286 ஆயிரங்களை 286 தடவை 1001 என்று எடுத்தால், 286ஐத் திருப்பிக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். 143 = 11×13. ஆக 11 உண்டு, 13 உண்டு, 7 இல்லை. ஒரே கழித்தலில் மூன்று பதில்! எண் இன்னும் நீளம் என்றால் மூன்று மூன்றாக மாறி மாறிக் கூட்டிக் கழியுங்கள்.

சரி, இப்போது வகுக்கலாம். 3 ஆல் 95381, 11 ஆல் 8671, 13 ஆல் 667.

"667 முதன்மை எண் மிஸ்" என்றாள் முன்வரிசைப் பிள்ளை.

"எப்படித் தெரியும்?"

"பார்க்க அப்படித்தான் இருக்கு."

"கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை. 26இன் வர்க்கம் என்ன?"

676. ஆகவே 667க்குக் காரணி இருந்தால், அவற்றில் சிறியது 25க்குள் இருந்தே ஆக வேண்டும். 2, 3, 5, 7 ஏற்கெனவே இல்லை. 11 ஆல் வகுத்தால் 7 மிஞ்சுகிறது. 13, 17 இரண்டுமே 663இல் நிற்கின்றன. 19×35 = 665. பிறகு 23×29 என்று அவளே எழுதினாள். கண்ணால் பார்த்து முதன்மை எண் என்று சொல்லவே கூடாது. வர்க்கமூலம் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

286143 = 3×11×13×23×29. எந்த வழியில் தொடங்கினாலும் இந்த ஐந்துதான் வரும். இதை 1801இல் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் முழுமையாக நிறுவிக் காட்டினார். ஐந்தும் வெவ்வேறு, ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் மொத்தக் காரணிகள் 2×2×2×2×2 = 32. அவற்றின் கூட்டுத்தொகை வேண்டுமா? அந்த ஐந்து முதன்மைக் காரணிகள் ஒவ்வொன்றோடும் 1ஐக் கூட்டிப் பெருக்குங்கள்: 4×12×14×24×30 = 483840. முப்பத்திரண்டையும் எழுதிக் கூட்டத் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அடுத்த பில் 286144. பக்கத்து எண்தான், ஆனால் ஒரு முதன்மைக் காரணிகூடப் பொதுவாக இருக்காது. ஆறு தரம் பாதியாக்கினால் 4471. அதற்கு 66 வரை போனால் போதும், 17இலேயே அகப்பட்டுவிடும்.