கீனாய் ஃபியார்ட்ஸ்: காசைப் படகில் போடுங்கள்

கோடை வந்தால் சியாட்டில் பக்கத்து நண்பர்கள் அலாஸ்காவுக்கு வழி கேட்டு என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், பனியாறு காட்ட வேண்டும், திமிங்கிலம் காட்ட வேண்டும். கீனாய் ஃபியார்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போங்கள் என்பேன். (ஃபியார்ட் என்றால் செங்குத்து மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் ஒடுங்கிய கடல்.) கூடவே இன்னொன்றும் சொல்வேன்: ஹோட்டலில் மிச்சம் பிடியுங்கள், சாப்பாட்டில் பிடியுங்கள், படகில் மட்டும் பிடிக்காதீர்கள்.

காரணம் இருக்கிறது. 1980-ல் தேசியப் பூங்காவான இந்த இடத்துக்குள் கார் போகும் சாலை ஒன்றே ஒன்று. அது எக்ஸிட் பனியாற்றடியில் முடிந்துவிடும். மற்றதெல்லாம் கடலும், செங்குத்து மலையும், ஹார்டிங் பனிவெளியும்தான். ஏறத்தாழ 1,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பனிவெளியிலிருந்து நாற்பது பனியாறுகள் வரை இறங்குகின்றன. அவற்றில் சில நேராகக் கடலில் வந்து விழும். அதைப் பார்க்கப் படகு வேண்டும்.

ஆங்கரேஜ் வரை விமானம். அங்கிருந்து சூவர்ட் என்ற சின்னத் துறைமுக ஊர் தெற்கே 200 கிலோமீட்டர். காரில் இரண்டரை மணி நேரம். கோடையில் ரயிலும் உண்டு, நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரியவர்களுக்கு ரயில் சுகம். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் சீசன். நான் ஜூன் கட்சி: பகல் பத்தொன்பது மணி நேரம், பஃபின் பறவைகள் கூட்டில் இருக்கும், பனித்துண்டுகள் மேல் சீல்கள் குட்டியோடு படுத்திருக்கும். ஆகஸ்ட் கடைசியில் போய்விட்டு பஃபின் எங்கே என்று கேட்டால் அவை நடுக்கடலுக்குப் போயிருக்கலாம்.

இப்போது படகு. மூன்று வகை விற்பார்கள். நாலு மணி நேர மலிவுப் பயணம் சூவர்ட் துறைமுகம் இருக்கும் ரெசரெக்‌ஷன் விரிகுடாவுக்குள்ளேயே சுற்றித் திரும்பிவிடும். கடலில் விழும் பனியாற்றை அதில் பார்க்க முடியாது. ஆறு மணி நேரப் பயணம் அயாலிக் முனையைச் சுற்றி, ஹோல்கேட் அல்லது அயாலிக் பனியாற்றின் முன்னால் போய் நிற்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல் போகும் படகு நார்த்வெஸ்டர்ன் ஃபியார்ட் வரை செல்லும். குடும்பத்தோடு என்றால் ஆறு மணி நேரம் சரி. தலைக்கு 200 டாலருக்கு மேல் ஆகும். கொடுங்கள். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். நாங்கள் எப்படியும் புளியோதரை கட்டிக்கொண்டுதான் போவோம்.

அயாலிக் முனையில்தான் வயிறு சோதிக்கப்படும். விரிகுடாவின் மறைப்பு அங்கே தீர்ந்து, திறந்த அலாஸ்கா வளைகுடாவின் அலை பக்கவாட்டில் அடிக்கும். குமட்டல் மாத்திரையைக் குமட்டிய பிறகு போட்டுப் பயனில்லை; ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள். வேறு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் முதலில் டாக்டரைக் கேட்கட்டும். கீழ்த்தளத்தில், பின்பக்கம், நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் வேண்டாம். என் அத்தை இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு முனையைத் தாண்டிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் பையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கேப்டன் ஒலிபெருக்கியில் 'இரண்டு மணியில் திமிங்கிலம்' என்பார். அது நேரமல்ல, திசை: படகின் மூக்கு 12, வலப்பக்கம் 3, பின்பக்கம் 6. இது தெரியாமல் பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கூனல் திமிங்கிலம் என்றால் முதலில் மூச்சுப் புகையைத் தேடுங்கள். முதுகு நன்றாக வளைந்தால் அடுத்து வால் தெரியும், பிறகு அது ஆழத்துக்குப் போய்விடும். கறுப்பு வெள்ளையாகப் படகோடு பாய்ந்து வருவதைக் குட்டி ஓர்க்கா (கொலையாளித் திமிங்கிலம்) என்று கூவாதீர்கள், அநேகமாக அது டால் கடற்பன்றி, டால்ஃபின் போன்ற சின்ன உயிரினம். சிஸ்வெல் தீவுகளில் ஸ்டெல்லர் கடற்சிங்கங்களைக் காது முதலில் கண்டுபிடிக்கும், அடுத்து மூக்கு. போன் கேமராவில் எல்லாம் புள்ளியாகத்தான் விழும். ஒரு பைனாகுலர் வாங்கிப் போங்கள்.

பனியாற்றின் முன் கேப்டன் எஞ்சினைத் தணிப்பார். அப்போது பேச்சை நிறுத்துங்கள். மிதக்கும் பனிக்குள் அடைபட்டிருந்த பழங்காற்று வெளியேறி, எண்ணெயில் கடுகு வெடிப்பது போலச் சடசடக்கும். சுவர் உடைந்து விழுவது கண்ணுக்கு முதலில் தெரியும், இடி பிறகு வரும். சத்தம் கேட்டுத் திரும்பினால் பிந்திவிட்டீர்கள்.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: மழைக்கோட்டு, குல்லா, கையுறை. ஜீன்ஸ் நனைந்தால் காயாது. குடை மேல்தளத்தில் நிற்காது.

கடல் மோசமானால் கேப்டன் முனைக்கு வெளியே போகாமல் திருப்பிவிடுவார். அவரோடு வாதாடாதீர்கள். அதனால் சூவர்டில் இரண்டு இரவு தங்குங்கள். படகை முதல் பகலில் வையுங்கள், ரத்தானால் மறுநாள் இருக்கும்.

ரத்தாகவில்லையென்றால் மறுநாள் எக்ஸிட் பனியாறு. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஜூலையில் காலையிலேயே போனால்தான் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். வழிநெடுக 1917, 1951, 2010 என்று ஆண்டுப் பலகைகள் நட்டிருப்பார்கள். அந்தந்த ஆண்டில் பனி நின்ற இடம். கடைசிப் பலகையிலிருந்து பனியைத் தேடிக் கண்ணை இன்னும் மேலே ஓட்ட வேண்டியிருக்கும். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் பனிவெளி விளிம்புவரை ஏறலாம்: போய்வர 13 கிலோமீட்டர், ஏற்றம் ஆயிரம் மீட்டர் அளவு, முழுப் பகல் வேண்டும். கறுப்புக் கரடிகள் நடமாடும் பாதை, சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். கரடி ஸ்பிரேயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கே போய் வாங்குங்கள். முடியாதவர்கள் ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வரும் மார்மட் புல்வெளியோடு திரும்பினாலும் நஷ்டமில்லை.

திரும்பும்போது சூவர்டிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். ஆங்கரேஜ் சாலையில் பெட்ரோல் பங்க் அரிது, மூஸ் மான் அதிகம்.