செடி வளர்க்கும் மீன் தொட்டிக்குக் கரியமில வாயு (CO2) சிலிண்டர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நள்ளிரவு 12 மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவன், போகிற போக்கில் கூடத்து மீன் தொட்டியில் மொபைல் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். 18 நியான் டெட்ராக்களும் நீரின் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கீழே, கேஸை நீரில் கரையவிடும் டிஃப்யூசரிலிருந்து பொடிக் குமிழிகள் வந்தபடியே இருந்தன. தொட்டிச் செடிகள் வளர நான் விடும் கரியமில வாயு அது, இரவு 8 மணிக்கே நின்றிருக்க வேண்டிய கேஸ்.

அன்று பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் இல்லை. கேஸுக்கு நான் மாட்டியிருந்தது வட்டமாகச் சுற்றும் சாதா டைமர். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். ஐந்து மணி நேரம் பின்தங்கி, பகல் 12க்குத் திறக்க வேண்டிய வால்வை மாலை 5க்குத் திறந்திருக்கிறது. விளக்கின் டைமரில் பேட்டரி உண்டு என்பதால் விளக்கு மட்டும் சரியாக 9 மணிக்கு அணைந்துவிட்டது. இருட்டில் செடிகள் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதில்லை. மீன்களைப் போலவே ஆக்சிஜனை இழுத்து, கரியமில வாயுவை வெளியிடுகின்றன. உடனே கேஸை மூடினேன், ஏர் பம்பை ஓடவிட்டேன், பாதித் தண்ணீரை மாற்றினேன். இருந்தும் விடிவதற்குள் நாலு மீன்கள் போய்விட்டன.

அதனால்தான் டைமரிலிருந்து தொடங்குகிறேன். விளக்குக்கும் கேஸுக்கும் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் போடுங்கள். விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே கேஸ் தொடங்க வேண்டும், அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிற்க வேண்டும். கேஸை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, மின்சாரம் இல்லாதபோது மூடிக்கொள்ளும் வகையாக இருப்பது கட்டாயம். இன்னொன்று, சோலனாய்டை இன்வெர்ட்டர் லைனிலும் ஃபில்டரை நேரடி லைனிலும் மாட்டிவிடுகிறார்கள். கரண்ட் போனால் தண்ணீர் அசைவது நின்றுவிடும், கேஸ் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே லைனில் இருக்கட்டும்.

அடுத்து சிலிண்டர். தீயணைப்புச் சிலிண்டரை வாங்கி ரெகுலேட்டரை மாட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கரியமில வாயு சிலிண்டருக்குள் திரவமாகத்தான் இருக்கும். மேலே உள்ள காலியிடத்தில்தான் வாயு. நமக்கு வேண்டியது அந்த வாயு. தீயணைப்புச் சிலிண்டரில் அடிவரை போகும் ஒரு குழாய் இருக்கும். அது திரவத்தை நேராக ரெகுலேட்டருக்குள் அனுப்பிவிடும். ரெகுலேட்டர் உறைந்து வெள்ளை பூக்கும், உள்ளே இருக்கும் சீல்கள் கெட்டுவிடும். அந்தக் குழாயை விவரம் தெரிந்தவர்கள் கழற்றித் தந்தால் ஒழிய வேண்டாம். சாதாரணச் சிலிண்டரையும் ஸ்டாண்டுக்குள் படுக்க வைத்தால் இதே கதிதான். நிமிர்த்தி வைத்து, சாயாமல் ஒரு பெல்ட்டால் கட்டுங்கள்.

பழைய சிலிண்டர் வாங்கினால் கழுத்தில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். நிரப்பும் இடத்தில் "கொஞ்சம் கூடவே போடுங்கண்ணே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 2 கிலோ கேஸுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் கொள்ளளவு வேண்டும். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம், வாயு என்ற வேறுபாடே இருக்காது. அளவுக்கு மீறி நிரப்பிய சிலிண்டரில் அதற்குப் பிறகு அழுத்தம் கிடுகிடுவென ஏறும். நம் ஊரில் மார்ச் முதல் ஜூன் வரை பகலில் வீட்டுக்குள்ளேயே 31 டிகிரி சாதாரணம். வெயிலில் நிற்கும் காருக்குள் சிலிண்டரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது.

படுக்கை அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2 கிலோ கேஸ் முழுவதும் வெளியேறினால் சுமார் 1,100 லிட்டர் வாயு. பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி உள்ள அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 28,000 லிட்டர். ஏசி போட்டு மூடிய அறையில் அவ்வளவும் கசிந்தால் காற்றில் 4 சதவீதம் கரியமில வாயு சேரும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான நியோஷ், உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுத்திருக்கும் அளவு இதுதான். அதோடு இது காற்றைவிடக் கனமான வாயு, தரையோரம் தேங்கும். பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில் படுக்கை அறைக்குள் சிலிண்டர் வேண்டவே வேண்டாம்.

எல்லாக் கசிவையும் காதால் கண்டுபிடிக்க முடியாது. சோப்புத் தண்ணீரைக் கெட்டியாகக் கலக்கி, சிறிய பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். பெரிய கசிவு உடனே நுரைக்கும். சின்னக் கசிவில் கடுகு அளவுக்கு ஒரே ஒரு குமிழி மெதுவாக உப்பிக்கொண்டு வரும். மாதக்கணக்கில் வர வேண்டிய கேஸ் பத்து நாளில் தீருவது அந்தக் கடுகால்தான். பெரும்பாலும் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்து வாஷர்தான் காரணம். அங்கே டெஃப்லான் டேப் சுற்றிப் பயனில்லை, புது வாஷர் போட வேண்டும். ஏர் பம்புக்கான சிலிக்கான் டியூபையும் பயன்படுத்தாதீர்கள். அதன் சுவர் வழியாகவே இந்த வாயு வெளியேறும். கேஸுக்கென்று விற்கும் பாலியூரித்தேன் டியூப் வாங்குங்கள். தண்ணீர் டியூபில் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வு பித்தளையிலோ ஸ்டீலிலோ இருக்கட்டும். பிளாஸ்டிக் நாளடைவில் விரிசல் விட்டு, தொட்டித் தண்ணீர் சோலனாய்டு வரை இறங்கிவிடும்.

"ஒரு நொடிக்கு எத்தனை பபிள் விடணும்?" புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அதற்குப் பொதுவான பதில் கிடையாது. கேஸ் குமிழிகளை எண்ண உதவும் பபிள் கவுன்டர் ஒவ்வொன்றிலும் குமிழியின் அளவு வேறு, தொட்டிகளும் வேறு. நேற்று விட்ட அளவே இன்றும் போகிறதா என்று பார்க்க மட்டும்தான் அந்தக் கணக்கு உதவும். தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை, தொட்டிக்குள் ஒட்டிவைத்து நிறத்தைப் பார்க்கும் சிறு குமிழான டிராப் செக்கர்தான் காட்டும்.

அந்த டிராப் செக்கரிலும் ஒரு தவறு நடக்கிறது. தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றிவிடுகிறார்கள். உள்ளே இருக்க வேண்டியது 4 டிகேஹெச் (dKH, தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையைக் குறிக்கும் அளவு) கரைசல், அதில் இரண்டு மூன்று சொட்டு நிறங்காட்டியான புரோமோதைமால் நீலம். பச்சை நிறம் லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று சொல்வது இந்தக் கரைசலுக்கு மட்டுமே பொருந்தும். வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரில் 1.2 கிராம் ஆப்ப சோடாவைக் கரைத்தால் 40 டிகேஹெச். அதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 4. நீலமாக இருந்தால் கேஸ் குறைவு, மஞ்சளானால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதை மறந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வால்வைத் திருகினால் மாலையில் மஞ்சளில்தான் போய் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு திருகல் போதும்.

கேஸ் போய்விடுமோ என்று பயந்து நீர்மட்டத்தை அசையாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. தண்ணீர் 30 டிகிரியைத் தொடும் ஊரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவாகத்தான் கரைந்திருக்கும். ஃபில்டரின் வெளிவாயைச் சற்று மேலே திருப்பி, நீர்மட்டம் மெல்ல நெளியும்படி வையுங்கள். அதில் போகும் கேஸுக்கு ஈடாக, கேஸின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வைக் கொஞ்சம் திறந்தால் போதும்.

சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்து இன்னும் நிறைய இருக்கிறது என்று நம்புவதும் தவறு. உள்ளே ஒரு சொட்டுத் திரவம் இருக்கும்வரை முள் இறங்காது. 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார் என்று அறையின் வெப்பத்தைத்தான் அது காட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு மிச்சம் என்று அறிய எடை போடுங்கள். காலிச் சிலிண்டரின் எடை அதன்மீதே பொறித்திருக்கும். முள் விழத் தொடங்கிவிட்டால் அன்றே கழற்றிவிடுங்கள். அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றைக் கட்ட ரெகுலேட்டரில் அந்தக் கடைசி நேரத்தில் வெளி அழுத்தம் ஏறி, வழக்கத்தைவிட அதிகமாகக் கேஸ் தொட்டிக்குள் போகக்கூடும். செலவு செய்ய முடிந்தால் இரட்டைக் கட்ட ரெகுலேட்டர் வாங்குங்கள், இந்தத் தொல்லை இருக்காது.

நிரப்பிய சிலிண்டரை மாட்டும்போது, முதலில் ரெகுலேட்டரில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தளர்த்தி வைத்துவிட்டு, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். அதை வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அளவு அப்படியே வரும் என்று நம்பி வெளியே கிளம்பிவிடாமல், டிராப் செக்கர் பச்சைக்கு வந்து நிற்கும்வரை தொட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து மீன்களின் செவுள் எவ்வளவு வேகமாக அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள்.