மியூனிக் சுற்றுலா: பணத்தையும் நாளையும் வீணடிக்கும் தவறுகள்

மியூனிக் பயணத்துக்கு விமான டிக்கெட் எடுக்கும் முன் காலண்டரைத் திறந்து வையுங்கள். இந்த ஊரில் பயணிகளின் பணமும் நேரமும் வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம், தேதியையும் கிழமையையும் டிக்கெட் விதியையும் கடைசியில் பார்ப்பதுதான். இந்த மூன்றிலும் ஜெர்மனி யாருக்காகவும் வளைந்து கொடுக்காது.

தேதி பார்க்காமல் ஓட்டல் தேடுவது

அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பியர் விழாவின் பெயரை நம்பி அக்டோபர் நடுவில் போய் இறங்குகிறவர்கள் உண்டு. விழா செப்டம்பர் மூன்றாவது வாரம் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடிந்துவிடும். 2026இல் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. அந்த நாட்களில் அறை வாடகை சாதாரண நாளைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறும். விழா பார்ப்பது நோக்கம் இல்லையென்றால் இந்தப் பதினாறு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பெரிய வர்த்தகக் கண்காட்சிகள் நடக்கும் வாரங்களிலும் இதே கதைதான். கட்டுமான இயந்திரங்களுக்கான பௌமா கண்காட்சி மூன்றாண்டுக்கு ஒருமுறை வருகிறது; 2025இல் நடந்தது, அடுத்தது 2028. ஒரு சாதாரண ஏப்ரல் வாரத்தில் ஓட்டல் விலை காரணமில்லாமல் எகிறியிருந்தால் மெஸ்ஸெ மியூனிக் கண்காட்சி மையத்தின் நாட்காட்டியைப் பாருங்கள், விடை அங்கே இருக்கும். தேதியை மாற்ற முடியாதவர்கள் ஆக்ஸ்பர்க்கில் தங்கலாம். விரைவு ரயிலில் அரை மணி, சாதாரண ரயிலில் முக்கால் மணி.

விழாவுக்கே போகிறீர்கள் என்றால்: மைதானத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கூடாரத்தில் மேசை ஒதுக்கீடு என்று வெளியாட்கள் இணையத்தில் விற்பதை வாங்காதீர்கள். அதைக் கூடாரக்காரர்கள் ஏற்காமல் போகலாம், கொடுத்த பணமும் திரும்பாது. வார நாளில் மதியத்துக்கு முன் போனால் ஒதுக்கீடு இல்லாமலே உட்கார இடம் கிடைக்கும். சனிக்கிழமை மாலை போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளும் பையை உள்ளே விடமாட்டார்கள், முதுகுப்பை வேண்டவே வேண்டாம். மைதானத்தை ஒட்டிய தெரேசியன்வீஸெ ரயில் நிலையம் நெரிசலில் திணறும். கோய்த்தப்ளாட்ஸிலோ ஹாக்கர்ப்ரூக்கெயிலோ இறங்கி நடப்பது நல்லது.

விசா விண்ணப்பத்தில்

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கோடை விடுமுறைக் காலத்தில் நேர்முக நாள் கிடைப்பதே கடினம் என்பதால் அந்த 15 நாள் கணக்கை நம்பி இருக்காதீர்கள். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மியூனிக்கில் மூன்று இரவு, சுவிட்சர்லாந்தில் ஐந்து இரவு என்று திட்டம் போட்டுவிட்டு ஜெர்மனியிடம் விண்ணப்பித்தால் நிராகரிக்க இடம் கொடுக்கிறீர்கள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. விசா கைக்கு வந்ததும் தொடக்க, முடிவுத் தேதிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், எத்தனை நாள் தங்கலாம் என்று தனியாக அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். அது பெரும்பாலும் அந்தத் தேதிகளின் இடைவெளியைவிடக் குறைவாகவே இருக்கும்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

முதல் பொறி, விமான நிலையத்தின் பெயர். மலிவு விமானங்கள் சில மெம்மிங்கனில் இறங்கும். அதை மியூனிக் மேற்கு என்று விளம்பரப்படுத்துவதும் உண்டு. அங்கிருந்து மியூனிக் நூறு கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட்டில் மிச்சமான தொகை பேருந்துக்கும் காத்திருப்புக்கும் போய்விடும்.

அசல் மியூனிக் விமான நிலையத்திலிருந்து எஸ்1, எஸ்8 என்ற இரண்டு எஸ்-பான் புறநகர் ரயில்கள் ஊருக்குள் போகின்றன. எதில் ஏறினாலும் மத்திய ரயில் நிலையத்துக்குச் சுமார் முக்கால் மணி நேரம். வரும்போது எதில் ஏறினாலும் சரி. திரும்பிப் போகும்போதுதான் சிக்கல். எஸ்1 ரயில் நோய்ஃபார்ன் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். முன்பாதி ஃப்ரைஸிங் போகும், பின்பாதிதான் விமான நிலையம் போகும். பெட்டியின் வெளிப்பக்கப் பலகையிலும் உள்ளே இருக்கும் திரையிலும் ஃப்ளூக்ஹாஃபன் (விமான நிலையம்) என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். தவறான பாதியில் இருப்பது தெரிந்தால் நோய்ஃபார்னில் ரயில் நிற்கும்போது இறங்கிப் பின்னால் ஓடிவிடலாம். கதவு மூடிவிட்டால் ஃப்ரைஸிங் போய் அங்கிருந்து வேறு வழி தேட வேண்டும். பெரிய பெட்டிகளோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் பிரியாத எஸ்8ஐப் பிடிப்பதே நிம்மதி.

பெரும்பாலான எஸ்-பான் ரயில்கள் நகரின் நடுவே ஒரே சுரங்கப் பாதையில் ஓடுகின்றன. அந்தப் பாதையில் பணி நடப்பதால் சில வார இறுதிகளில் ஒரு பகுதியை மூடிவிட்டு மாற்றுப் பேருந்து விடுவார்கள். விமானம் ஏறும் நாள் சனி, ஞாயிறாக இருந்தால் முந்தின இரவே நகரப் போக்குவரத்துக்கான எம்விவி செயலியில் பாதையைச் சரிபார்த்து, ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ரயில் நின்றுபோனால் மத்திய நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது.

டிக்கெட் இருந்தும் அபராதம்

மியூனிக்கின் ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. யாரும் கேட்பதில்லை என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது. சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் கதவு மூடிய பிறகுதான் அடையாள அட்டையைக் காட்டுவார்கள். அபராதம் 60 யூரோ. சுற்றுலாப் பயணி, மொழி தெரியாது என்ற விளக்கம் எடுபடாது.

டிக்கெட்டே வாங்காதவர்களோடு, வாங்கியும் முத்திரை குத்தாதவர்களும் சிக்குகிறார்கள். தாளில் 'பிட்டெ என்ட்வெர்ட்டன்' (முத்திரை குத்தவும்) என்று அச்சிட்டிருந்தால், நடைமேடைக்கு இறங்கும் வழியில் நிற்கும் சிறிய பெட்டியில் அதைச் செருகி நேரம் பதிக்க வேண்டும். டிராமிலும் பேருந்திலும் அந்தப் பெட்டி வண்டிக்குள்ளேயே இருக்கும். செயலியில் வாங்குகிறவர்கள் வண்டியில் ஏறும் முன் வாங்கிவிட வேண்டும். பரிசோதகரைப் பார்த்த பிறகு வாங்கியது செல்லாது.

மண்டலக் கணக்கையும் கவனியுங்கள். நகரம் முழுவதும் எம் மண்டலம். விமான நிலையம் ஐந்தாம் மண்டலத்தில் இருக்கிறது. வதைமுகாம் நினைவிடம் இருக்கும் டாஹவ் ஊருக்குப் போக, எம் மண்டலத்தோடு முதல் மண்டலமும் சேர்ந்த எம்-1 டிக்கெட் வேண்டும். எம் மண்டலத்துக்கு மட்டும் நாள் டிக்கெட் வைத்துக்கொண்டு டாஹவில் இறங்கினால் டிக்கெட் இல்லாத பயணமாகத்தான் கணக்கு. குடும்பமாகப் போகிறவர்கள் தனித்தனியே வாங்குவதும் வீண் செலவு: குழு நாள் டிக்கெட் ஒன்றில் ஐந்து பெரியவர்கள் வரை போகலாம், 6 முதல் 14 வயதுக் குழந்தைகள் இருவர் ஒரு பெரியவராகக் கணக்கு. மறுநாள் காலை ஆறு மணி வரை செல்லும். வந்து இறங்கும் நாளில் விமான நிலையத்தையும் சேர்த்து அதே வகையில் ஒரு நாள் டிக்கெட் கிடைக்கும்.

டாய்ச்லண்ட்-டிக்கெட் பலருக்குத் தெரியும்: 2026 முதல் மாதம் 63 யூரோ, நாடு முழுவதும் உள்ளூர், வட்டார வண்டிகளில் போகலாம். இது மாதச் சந்தா என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் ஊர் திரும்பிய பிறகும் அடுத்த மாதப் பணம் எடுக்கப்படும். வாங்கிய அன்றே ரத்துக் கோரிக்கையும் கொடுத்துவிடுங்கள்; மாதம் முடியும் வரை டிக்கெட் செல்லும்.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறன்று ஊரே விடுமுறையில் இருக்கும். சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, விக்டுவாலியன்மார்க்ட் சந்தை எல்லாம் மூடல். மற்ற நாட்களிலும் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கடைகள் இரவு எட்டு மணிக்கு அடைத்துவிடும். சனிக்கிழமை இரவு வந்து இறங்கி, காலையில் பால், பழம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் ஏமாற்றம்தான். அவசரத்துக்கு மத்திய ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் இருக்கும் கடைகள் உதவும், விலை கொஞ்சம் கூடுதல். ஆகஸ்ட் 15, நவம்பர் 1, ஜனவரி 6 போன்ற விடுமுறைகள் பவேரியாவில் உண்டு, பெர்லினில் கிடையாது. அதனால் ஜெர்மனி முழுமைக்குமான பொதுப் பட்டியலைப் பார்த்துத் திட்டம் போட்டால் இவை தப்பிவிடும்.

மருந்துக் கடைக்கும் இதே விதிதான். பாராசிட்டமால்கூட சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, அப்போதெகெ என்ற மருந்துக் கடையில்தான். ஞாயிறன்று எந்தக் கடை முறைப்பணியில் திறந்திருக்கிறது என்பதை மூடிய மருந்துக் கடையின் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். காய்ச்சல், வயிற்றுக்கோளாறு மாத்திரைகளை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு 112. அந்த அளவுக்கு இல்லாத மருத்துவ உதவிக்கு 116117.

ஞாயிறை வீணாக்க வேண்டியதில்லை, அது அருங்காட்சியகத்துக்கான நாள். ஆல்ட்டெ பினக்கோடெக் போன்ற அரசு ஓவியக்கூடங்களில் ஞாயிறன்று நுழைவு ஒரு யூரோதான். அவை திங்களன்று மூடியிருக்கும். ஞாயிறு கடைத்தெரு, திங்கள் ஓவியக்கூடம் என்று திட்டம் போட்டால் இரண்டு நாளும் போச்சு.

நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை

இந்த ஒருநாள் பயணத்தில்தான் நேரக் கணக்கு அதிகம் தப்புகிறது. கோட்டைக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். டிக்கெட்டில் நிமிடம் குறித்திருக்கும், அந்த நிமிடம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். இரண்டாம் லூட்விக் மன்னரின் கோட்டைகள் 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டதால், நேரில் போய் டிக்கெட் வாங்கலாம் என்று கிளம்ப வேண்டாம். இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

எந்த நேரத்துக்கு எடுப்பது? பவேரியா மாநிலத்துக்கான மலிவான நாள் டிக்கெட்டான பயர்ன்-டிக்கெட் வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். மியூனிக்கிலிருந்து கோட்டைக்கு அருகிலுள்ள ரயில் நிலையமான ஃப்யூஸனுக்கு இரண்டு மணி நேரம். ஒன்பதுக்குப் பிறகு வரும் ரயிலைப் பிடித்தால் இறங்கும்போது பன்னிரண்டை நெருங்கியிருக்கும். அங்கிருந்து ஹோஹன்ஷ்வாங்கவ் கிராமத்துக்குப் பேருந்து பத்து நிமிடம். பேருந்துக்கு நிற்கும் வரிசை தனி. கிராமத்திலிருந்து கோட்டை வாசல் வரை ஏற்றத்தில் 30 முதல் 40 நிமிட நடை. ஆக, வார நாளில் பிற்பகல் 1.30க்கு முந்தைய நேரத்தை எடுப்பது ஆபத்து. ரயில் அரை மணி தாமதமானால் 1.30கூட நெருக்கடிதான், 2 மணி பாதுகாப்பு. சனி, ஞாயிறுகளில் அந்த டிக்கெட் நள்ளிரவிலிருந்தே செல்லும் என்பதால் காலை நேரம் எடுக்கலாம். பயர்ன்-டிக்கெட்டில் பயணிகள் அனைவரின் பெயரையும் எழுதுங்கள், அதிவேக ஐசிஇ ரயிலில் அதை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள்.

கோட்டையின் புகழ்பெற்ற படம் எடுக்கப்படுவது மரியன்ப்ரூக்கெ பாலத்திலிருந்து. பனி உறைந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. உள்சுற்று அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உள்ளே பார்ப்பதைவிட வெளியே மலையும் ஏரியும் சேர்ந்த காட்சிதான் இந்தப் பயணத்தின் பலன். கிராமத்தின் அருகில் இருக்கும் ஆல்ப்ஸே ஏரிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இதே நாளில் டாஹவையும் சேர்க்கலாம் என்று சில திட்டங்களில் பார்க்க முடிகிறது. வேண்டாம். 1933இல் நாஜிகள் அமைத்த முதல் வதைமுகாம்களில் ஒன்று அது. எஸ்2 ரயில், பிறகு 726ஆம் எண் பேருந்து, நுழைவுக்குக் கட்டணமில்லை. நிதானமாகப் படித்துப் பார்க்க அரை நாளாவது வேண்டும். 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அழைத்துப்போகாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க

பவேரியச் சமையலில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். உருளைக்கிழங்கு சாலட்டில் மயோனீஸுக்குப் பதில் இறைச்சி வடிசாறு ஊற்றுவார்கள். சிவப்பு முட்டைக்கோஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது உண்டு. உருளைக்கிழங்கு சூப்பில் பன்றி இறைச்சித் துணுக்கு கிடக்கலாம். சில பேக்கரிகளில் ப்ரெட்ஸல் மாவிலும் கொழுப்பு சேரும். ஆகவே 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டால் போதாது. 'ஓனெ ஃப்ளைஷ், ஓனெ ஷ்பெக், ஓனெ ஃப்ளைஷ்ப்ரூவெ' என்று இறைச்சி, பன்றிக் கொழுப்புத் துண்டு, இறைச்சி வடிசாறு மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். சீஸ் உருகி வழியும் கேஸ்ஷ்பெட்ஸ்லெ நம்பிக்கையான உணவு, ஆனால் அதில் முட்டை உண்டு.

அதிகம் பேருக்குத் தெரியாத வசதி ஒன்று: பியர் தோட்டங்களில் மேசைவிரிப்பு இல்லாத மேசைகளில் நீங்கள் கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிடலாம். பானம் மட்டும் அங்கே வாங்க வேண்டும். எலுமிச்சைச் சோடா, ஆப்பிள் சாறு எல்லாம் கிடைக்கும். கட்டுச்சோறு கொண்டுபோனால் இங்கிலிஷர் கார்டன் பூங்காவின் சீனக் கோபுரத் தோட்டத்தில் மரநிழலில் உட்கார்ந்து குடும்பமே சாப்பிடலாம். விரிப்புப் போட்ட மேசை பரிமாறுவதற்கானது, அங்கே டப்பாவைத் திறக்காதீர்கள்.

சில்லறை விஷயங்கள்

பேக்கரியிலும் பழைய உணவகத்திலும் அட்டை எடுக்காமல் போகலாம், கையில் 50 யூரோவாவது ரொக்கம் இருக்கட்டும். ஏடிஎம் 'ரூபாயில் கணக்கிடலாமா' என்று கேட்டால் மறுத்து யூரோவையே தேர்ந்தெடுங்கள். அந்த மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமானது. தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கசக்காமல், பட்டைக்குறி தெரியும்படி சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் பணம் திரும்பும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். சைக்கிள் பாதையில் நின்று படம் எடுக்காதீர்கள், வேகமாக வருகிறவர்களால் சட்டென நிறுத்த முடியாது. நகரின் மையச் சதுக்கமான மரியன்ப்ளாட்ஸில் கடிகாரப் பொம்மைகள் ஆடுவது காலை 11, பகல் 12. மார்ச் முதல் அக்டோபர் வரை மாலை 5க்கும் ஒருமுறை. ஜூலையில் போகிறவர்கள் ஓட்டலில் ஏசி உண்டா என்று கேட்டு முன்பதிவு செய்யுங்கள், பல ஓட்டல்களில் கிடையாது.

கடைசி நாளில் நடக்கும் தவறு வரித் திரும்பப்பெறலில். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் விற்பனை வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் கேளுங்கள். விமான நிலையத்தில் பொருளைப் பிரிக்காமல் சுங்க அதிகாரியிடம் காட்டினால்தான் முத்திரை கிடைக்கும். பொருளைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை விமானத்துக்கு அனுப்பிவிட்டு வெறும் படிவத்தோடு போனால் கிடைக்காது. பெட்டியில் போகும் பொருள் என்றால், செக்-இன் கவுன்டரில் முதலில் அதைச் சொல்லி, பட்டை ஒட்டிய பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு சுங்கத்திடம் போங்கள். வரிசை நீளமாக இருக்கும், இதற்கென்று முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.