ஸ்வீடன் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்குத் திருப்பூரில் ஜெர்சி தைப்பது எப்படி?

டி-ஷர்ட் பேட்டர்னை நாலு இஞ்ச் பெரிதாக்கினால் ஐஸ் ஹாக்கி ஜெர்சி வந்துவிடும் என்று நினைத்துக் கட்டிங் டேபிளுக்குப் போனால், அந்த லாட் அப்படியே திரும்பி வரும். இது உடம்புக்குப் போடும் துணி இல்லை. தோள் பேடு, முழங்கை பேடு, இடுப்பில் பருத்த ஹாக்கி பேன்ட் எல்லாவற்றுக்கும் மேல் போடும் உறை. ஆண்கள் பேட்டர்னைச் சுருக்கிப் பெண்களுக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய தப்பு.

ஸ்வீடனில் பெண்களுக்கான உயர்மட்ட லீக் எஸ்டிஹெச்எல். 2007-ல் ரிக்ஸ்சீரியன் என்ற பெயரில் தொடங்கி, 2016-ல் இப்போதைய பெயருக்கு மாறியது. ஆட்டங்கள் செப்டம்பரில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே பயிற்சி ஆட்டங்கள் உண்டு. ஆகஸ்ட் தொடக்கத்தில் சரக்கு அங்கே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 2022-23 சீசன் முதல் இந்த லீக்கில் உடம்போடு மோதித் தடுக்கும் ஆட்டத்துக்கு அனுமதி உண்டு. ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகையில் அழுத்துவார்கள், துணி இழுபடும். தையல் பிரிந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் நம் டேபிளில்தான் இருக்கும்.

முதல் வேலை அளவு. ஸ்மால், மீடியம் என்று எழுதி வரும் பட்டியலை நம்பி வெட்டாதீர்கள். பேடு போட்ட நிலையில் மூன்று அளவு கேட்டு வாங்குங்கள்: மார்புச் சுற்று, பேன்ட்டுக்கு மேல் இடுப்புச் சுற்று, பின்கழுத்து நடுவில் இருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை கை நீளம். கை நீளத்தை முழங்கையை மடக்கி எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டிக் பிடித்தவர் ஆட்டம் முழுக்கக் கையை மடக்கித்தான் வைத்திருப்பார். நீட்டிய கையில் எடுத்த அளவில் தைத்தால் கை மேலேறி, க்ளவுஸுக்கும் துணிக்கும் நடுவில் முன்கை தெரியும்.

அளவு வரும்வரை சாம்பிளுக்கு மீடியத்தில் மார்பு பாதி அளவு (ஜெர்சியைத் தட்டையாக வைத்து அளக்கும் அகலம்) 60 செ.மீ., நீளம் 74 செ.மீ. என்று தொடங்கலாம். கீழ் விளிம்பு மார்பைவிட 2 முதல் 3 செ.மீ. அகலமாக இருக்கட்டும். ஆண்கள் பேட்டர்னைச் சுருக்கும்போது மார்போடு சேர்ந்து விளிம்பும் குறுகிவிடும், ஆனால் உள்ளே இருக்கும் பேன்ட் அதே பருமன்தான். விளிம்பு அதன்மேல் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குனிவுக்கும் முதுகுப்பக்கம் சுருண்டு ஏறும். பின்பாகத்தை முன்பாகத்தைவிட 4 செ.மீ. நீளமாக வெட்டினால் இந்தத் தொல்லை பாதி தீரும். கோல்கீப்பருக்குத் தனி பேட்டர்ன்: மார்பில் 8 செ.மீ. வரை கூடுதல், கைக்குழியும் கையும் அகலம். ஒரு டீமில் இரண்டு மூன்று பேர்தானே என்று பெரிய சைஸை எடுத்து அனுப்பக் கூடாது. தோள் தொங்கும், கை க்ளவுஸுக்குள் போகும்.

துணி நூறு சதவீதம் பாலியஸ்டர். பயிற்சி ஜெர்சிக்கு 160 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), மேட்ச் ஜெர்சிக்கு 200-க்குப் பக்கம். பெரிய ஓட்டை மெஷ் காற்றோட்டமாக இருக்கும், ஆனால் பேடுகளின் வெல்க்ரோ அதில் மாட்டி இழையை உருவி எடுத்துவிடும். வாங்கும் முன் கடையில் விற்கும் வெல்க்ரோவின் முரட்டுப் பக்கத்தைத் துணிமேல் இருபது தடவை இழுத்துப் பாருங்கள். துணியின் மேற்பரப்பு நெருடினால் அது வேண்டாம். ஜெர்சியின் உடல் பாகத்துக்கு நெருக்கமாகப் பின்னிய துணி, அக்குளுக்கு மட்டும் மெஷ் என்று பிரித்துப் போடுவது நல்லது. தோளிலும் முழங்கையிலும் இரட்டைத் துணி. பக்கத் தையலுக்கு ஐந்து நூல் ஓவர்லாக், தோளுக்கு மேலே பேட்லாக் (தட்டையாகப் படியும் தையல்), கழுத்துப் பட்டிக்கு உள்ளே நாடா வைத்துச் சிங்கர் என்ற ஒற்றை ஊசி மெஷினில் ஒரு ஓட்டு. ஊசி 75/11 பால்பாயிண்ட். கூர் ஊசி போட்டால் இழை அறுந்து, நாலு சலவையில் தையல் ஓரமாக வரிசையாய் ஓட்டை விழும்.

இனி பிரிண்டிங். ஸ்வீடன் ஜெர்சியில் விளம்பரதாரர் லோகோக்கள் நிறைய இருக்கும். ஒவ்வொன்றையும் ஒட்டினால் துணி பலகையாகிவிடும், அதனால் பேப்பரில் அச்சிட்ட சாயத்தைச் சூட்டில் துணிக்குள் ஏற்றும் சப்ளிமேஷன்தான் வழி. 200 டிகிரியில் 45 முதல் 60 விநாடி. வெட்டிய பீஸை நேராகச் சூட்டு பிரஸ்ஸில் வைத்தால் சூட்டில் சுருங்கும். முதலில் 50க்கு 50 செ.மீ. சதுரம் வரைந்து வெறும் பேப்பரோடு அழுத்தி அளந்து, சுருங்கிய அளவைப் பேட்டர்னில் கூட்டுங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் இந்தச் சோதனை வேண்டும்.

ஆடி மாதத்தில் இந்த வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பக்கத்து டேபிளின் சாயத் துணிப் பஞ்சு பறந்து வந்து வெள்ளைப் பீஸ்மேல் உட்காரும். கண்ணுக்கே தெரியாத ஒரு நீல இழை, சூடு பட்டதும் தன் சாயத்தைத் துணிக்குள் விட்டு ஊசிமுனை அளவு நீலப் புள்ளியாகிவிடும். எந்தச் சலவைக்கும் போகாது. பிரஸ்ஸுக்கு முன்னால் ஒவ்வொரு பீஸையும் ஒட்டும் ரோலரால் உருட்டுங்கள், அந்த அறையின் சன்னலைச் சாத்தி வையுங்கள். பேப்பர் ஈரம் உறிஞ்சியிருந்தால் படம் கலங்கும், கட்டைப் பிரித்துத் திறந்தபடி போடாதீர்கள்.

எண்ணுக்கு உலக ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தின் விதியைப் பிடித்துக்கொண்டால் தப்பு வராது: முதுகில் 25 முதல் 30 செ.மீ. உயரம், இரண்டு கைகளிலும் 10 செ.மீ., பெயர் எழுத்து 10 செ.மீ., கேப்டன் எழுத்து மார்பில் 8 செ.மீ. சப்ளிமேஷன் இல்லாமல், சாயம் போட்ட சிவப்புத் துணியில் வெள்ளை எண்ணைச் சூட்டில் ஒட்டினால் சில நாளில் ரோஸ் நிறமாகிவிடும். துணியின் சாயம் சூட்டில் கிளம்பி மேலே ஏறுவதுதான் காரணம். தடுப்புப் படலம் உள்ள ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள், அல்லது ட்வில் துணியில் எண் வெட்டி ஜிக்ஜாக் தையல் போடுங்கள்.

பெயரில்தான் அதிகம் வழுக்குகிறது. ஸ்வீடிஷ் எழுத்துகளில் தலைமேல் சிறு வட்டமும் இரட்டைப் புள்ளியும் வரும். ஓஸ்ட்ரம் (Åström) என்ற குடும்பப் பெயரில் இரண்டுமே உண்டு. ஃபான்டில் அவை இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் எழுத்தைப் போட்டுவிடும். நமக்குச் சின்னப் புள்ளி, அவர்களுக்கு அது வேறு எழுத்து. ஃபான்டில் அவை இருந்தாலும் இன்னொரு சிக்கல்: டிசைனர் வட்டத்தையும் சேர்த்து 10 செ.மீ.க்குள் அடக்கினால் அந்த ஒரு எழுத்து மட்டும் குள்ளமாகும். எழுத்தின் உடல் எல்லாம் ஒரே உயரம், வட்டம் அதற்கு மேலே தனியாக நிற்க வேண்டும். பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்யாமல் கிளப் அனுப்பிய ஃபைலிலிருந்தே காப்பி எடுங்கள்.

எத்தனை பீஸ்? ஒரு ஆட்டத்துக்கு 20 ஆட்டக்காரர், 2 கோல்கீப்பர். மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து 25 என்று வைத்தால், உள்ளூர், வெளியூர் என்று இரண்டு நிறத்தில் 50. அதோடு ஒவ்வொரு நிறத்திலும் பெயர் இல்லாத இரண்டு பீஸ் சேருங்கள், ஒன்று கோல்கீப்பர் அளவில். ரத்தம் பட்ட ஜெர்சியோடு ஆட விடமாட்டார்கள், உடனே மாற்ற வேண்டும்.

அனுப்பும் முன் ஒரு பீஸை 40 டிகிரியில் பத்து தடவை துவைத்துப் பாருங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் அங்கே துவைப்பார்கள். சாயத்துக்கு ரீச் என்ற ஐரோப்பிய ரசாயன விதியின் அசோ சாயச் சோதனைச் சான்று கேட்பார்கள், அந்தச் சாயத்திலிருந்து பிரியும், தடை செய்த அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இத்தனை சிறிய ஆர்டருக்குத் தூத்துக்குடிக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு பீஸ் 350 கிராம் என்றாலும் மொத்தம் இருபது கிலோவுக்குள்தான் வரும், விமானத்தில் போட்டுவிடலாம். மடிக்கும்போது எண் நடுவில் மடிப்பு விழாமல், எண் வரிசைப்படி அடுக்கி, கோல்கீப்பர் பீஸ்களை மட்டும் தனிக் கவரில் வையுங்கள்.