பந்தயக் குதிரைக்குட்டி வாங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஏலத்தில் ஒரு புதியவர் கேட்டலாக்கை என் முன்னால் நீட்டி, "சார், இதோட அண்ணன் சாம்பியன்" என்றார். நானும் ஒரு காலத்தில் இதே வரியைச் சொல்லித்தான் பணத்தை விட்டேன். எக்ஸ்ரே எடு, தொண்டையைச் சோதி, நடக்கவிட்டுப் பார் என்பதை எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்லிவிடுவார். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அண்ணன் சாம்பியன்

1973இல் அமெரிக்க டிரிபிள் கிரௌன் (ஒரே வருடத்தில் மூன்று பெரிய பந்தயங்கள்) வென்ற செக்ரட்டேரியட் என்ற குதிரைக்கு ஒரு வயது மூத்த அக்கா உண்டு, தி பிரைட். தாயும் தகப்பனும் அதேதான். நாலு பந்தயம் ஓடி ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. ஒவ்வொரு குட்டிக்கும் சீட்டுக்கட்டைப் புதிதாகக் கலைத்துத்தான் போடுகிறார்கள். இன்னொன்று: தகப்பன் மட்டும் ஒன்றென்றால் குதிரை உலகில் அது உறவே இல்லை. பெரிய பொலிகுதிரை (இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் குதிரை) ஒன்றுக்கு வருடத்துக்கு நூறு குட்டிக்கு மேல்கூடப் பிறக்கும்.

விலையைப் பார்த்து நம்புவது

தி கிரீன் மங்கி 2006இல் இரண்டு வயதில் 1.6 கோடி டாலருக்குப் போனது. ஏலத்துக்கு முன் ஒரு ஃபர்லாங்கை (சுமார் 200 மீட்டர்) 9.8 விநாடியில் ஓடிக் காட்டியிருந்தது. பந்தயத்தில் மூன்று முறை ஓடியது, வெற்றி பூஜ்யம். உடனே சியாட்டில் ஸ்லூவை இழுப்பார்கள். ஆமாம், 17,500 டாலருக்கு வாங்கிய குட்டிதான் 1977இல் டிரிபிள் கிரௌன் வென்றது. அதே விலைக்குப் போய்த் தோற்றவற்றின் பெயரை யாராவது சொல்கிறார்களா?

பெரிய குட்டி

பிறந்த தேதியைப் பாருங்கள். வடக்கு அரைக்கோளத்தில் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 அன்றுதான் வயது கூடும். பெரிதாகத் தெரிவது சில மாதம் முன்னால் பிறந்ததாக மட்டும் இருக்கலாம்.

ஜெயிக்காத தாயை விட்டுக்கொடுக்காமல் இருப்பது

இதை இன்றும் யாராவது செய்தால் எனக்கு எரிச்சல் வரும். என்னிடம் ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. ஆறு பந்தயம், ஒரு வெற்றிகூட இல்லை. ஆனால் வாளிச் சத்தம் கேட்டால் வேலியோரம் வந்து என் சட்டைப் பையில் மூக்கை நுழைத்துக் கேரட் தேடும். "ரத்தம் நல்ல ரத்தம், குட்டி ஓடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கணக்கைப் பாருங்கள். சினை பதினொரு மாதம். குட்டி பிறந்து, பழக்கி, ஒழுங்காக ஓடிக் காட்ட மூன்று வயதாகிவிடும். அதற்குள் அதன் தம்பி தங்கைகள் மூன்று லாயத்தில் நிற்கும், வயிற்றில் ஒன்று இருக்கும். முதல் குட்டி பந்தயத்தில் கடைசியாக வந்த அன்று எனக்கு நேர்ந்தது இதுதான். தாயையும் சேர்த்து ஐந்துக்கும் தீனி, லாடம், மருத்துவர்.

அப்போதாவது புத்தி வந்ததா? "பொலிகுதிரை சரியில்லை, மாத்திப் பார்ப்போம்" என்றேன். தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பதிவு செய்ய மாட்டார்கள். எனவே ஒவ்வொரு வருடமும் பெட்டையை வண்டி ஏற்றி நேரில் கொண்டுபோக வேண்டும், கட்டணம் தனி. குட்டி எழுந்து நின்று பால் குடித்தாலே கட்டணம் கட்ட வேண்டும் என்பது வழக்கமான ஒப்பந்தம். என் இரண்டாவது குட்டி எழுந்து நின்றது, பாலும் குடித்தது. முன்கால் இரண்டும் உள்பக்கம் திரும்பியிருந்தன.

பிறக்கும் குட்டிகளில் கணிசமான பகுதி பந்தயமே ஓடுவதில்லை. ஸ்டேக்ஸ் எனப்படும் உயர்மட்டப் பந்தயம் ஜெயிப்பவை நூற்றுக்கு மூன்று நான்குதான். ஜெயிக்காத தாயின் குட்டிக்கு அதுவும் குறைவு. கேட்டலாக்கில் தாயைப் பற்றிய பகுதியில் அதன் சொந்தக் குட்டிகள் என்ன செய்தன என்று முதலில் படியுங்கள், பாட்டி பெருமையை அப்புறம் படிக்கலாம்.

முழுதாக வாங்குவது

வேண்டாம். நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள்.

அந்தப் புதியவர் குட்டியை விட்டுவிட்டார். இப்போது அதன் தாயை விலை கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.